சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், எப்படியும் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "ஆயில் ஒழுகவில்லையா? அப்படியென்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்." எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒழுகுவது இந்தக் கார்களின் சுபாவம், அதைத் தேடிக்கொண்டு போவது வீண் வேலை என்ற எண்ணமும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் காருக்கு அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறோம். தட்டில் விழுவது எஞ்சின் ஆயிலா, கியர் பாக்ஸ் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று குனிந்து பார்ப்பதுகூட நின்றுபோகிறது. கார் நம்மிடம் ஏதோ சொல்கிறது, நாம் அதன் வயதைக் காரணம் காட்டி அதன் வாயை அடைக்கிறோம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு எம்ஜிபி, எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி. கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். இவ்வளவு எண்ணிக்கையில் வந்ததால் உதிரி பாகத்துக்குக் குறையே இல்லை. கிடைக்கிறது என்பதாலேயே எதையும் யோசிக்காமல் கழற்றி மாற்றிவிடும் அவசரமும் இந்த வண்டி விஷயத்தில் அதிகம். தட்டை வைத்துவிட்டுப் போகிறவர், பார்த்த மாத்திரத்தில் பாகத்தை மாற்றச் சொல்கிறவர் என்று இரண்டு விதமான ஆட்கள் உண்டு. இருவருமே ஒழுகும் இடத்தைப் பார்ப்பதில்லை.

முதலில், என்ன திரவம்?

தரையில் ஈரம் கண்டதும் அது எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கக் கூடாது. அது என்ன என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளை அட்டை ஒன்றை ராத்திரி காருக்கு அடியில் விரித்து, நான்கு சக்கரங்களின் இடத்தையும் பேனாவால் குறித்துவைத்தால் காலையில் பாதி விடை கையில் இருக்கும். எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பரவியிருக்கும். பின் அச்சில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் ஊற்றும் தடித்த ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. கூலன்ட் பச்சையாகவோ நீலமாகவோ வழவழப்பாக இருக்கும், அதன் நெடியில் ஒரு தித்திப்பு தெரியும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால் நாய், பூனை நக்கும் முன் துடைத்துவிட வேண்டும். பெட்ரோல் தரையில் தங்காது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்கு அடியில் பழுப்புக் கறையை மட்டும் விட்டுவிட்டு ஆவியாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களைச் சீக்கிரம் கெடுக்கிறது என்பதால், பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் உத்தமம்.

பிரேக் ஆயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறமற்றோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும், விரலில் வழுக்கும். எஞ்சின் ஆயிலின் மேல் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்து போய்விடும். பட்ட இடத்தில் பெயின்ட் சுருங்கி உரியும். பழைய கார்களில் இது ஒழுகும் இடங்கள் பெரும்பாலும் கண்ணில் படாதவை. பின்சக்கரச் சிலிண்டர் கசிந்தால் டயரின் உட்பக்கச் சுவர் நனைந்திருக்கும், வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் திரவம் வண்டிக்கு உள்ளே, பெடல் தண்டு வழியாக இறங்கிக் கால்மிதியில் ஊறும். தரையில் வைத்த அட்டை காய்ந்தே கிடக்கும். கியர் பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரல் நுனியால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே தேங்கிய திரவம் மெல்லிய கோடாக வழிந்தால் சீல், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது, உறைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிரேக் மிதியின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் சர்வோ பொருத்திய வண்டிகளில் இன்னொரு விபரீதம் உண்டு. சர்வோவின் உள் சீல் கெட்டால் பிரேக் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். ஒரு சொட்டுகூடக் கீழே விழாது, தொட்டியில் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போகும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். தொட்டியை மறுபடி நிரப்பிவிட்டு ஓட்டுவதை விட ஆபத்தான காரியம் இல்லை.

இங்கேதான் "எல்லாம் ஒழுகும் வண்டிதானே" என்ற பேச்சு உயிரோடு விளையாடுகிறது. ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உட்பக்கம் இருக்கின்றன. டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு சீல் கசிந்தால் ஆயில் நேராக பிரேக் டிஸ்க்கில் விழும். அந்த டிஸ்க்கின் சூடே சீலை வறட்டிக் கெடுக்கவும் செய்கிறது. எம்ஜிபியில் பின் அச்சின் மேல் ஒரு சிறிய பிரீத்தர், அதாவது மூச்சுத் துளை, இருக்கிறது. அது சேற்றில் அடைத்துக்கொண்டால் அச்சுக்குள் சூடான காற்றுக்குப் போக வழியில்லை; முனை சீல்களைத் தாண்டி ஆயிலை பிரேக் டிரம்முக்குள் தள்ளும். சீலை மாற்றிவிட்டு பிரீத்தரைத் தொடாமல் விட்டால் புது சீலும் அதே கதிதான். இந்தப் பிரீத்தர் விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், எஞ்சினிலும் இதே கதை வரப்போகிறது.

பெல் ஹவுசிங்கின் அடியில்

என் வண்டியில் சொட்டியது எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில். அங்கே கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை. அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். வண்டியின் ஆட்டத்தில் பின்னும் ஆடி, துளை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்தப் பின்னின் நுனியில் எப்போதும் ஒரு சொட்டு நின்றது. காட்டிய இடத்திலெல்லாம் ஒரே தீர்ப்பு: பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும். எம்ஜிபியில் கிளட்ச் மாற்றுவதற்கே எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்பதால் சொல்பவருக்கு அது பெரிய விஷயமாகவே தெரிவதில்லை.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு சரித்திர நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. 1962 முதல் 1964 வரை வந்த முதல் எம்ஜிபிகளில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங்குகள்தான்; பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. தண்டின் மேல் திருகுசுற்றாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். எஞ்சின் ஓடும்வரை சரி, நின்றபின் தள்ளுவதற்கு ஆள் இல்லை. சரிவில் நிறுத்தினால் கசியத்தான் செய்யும். 1964 கடைசியில் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தபோது முறையான சீலும் வந்தது. என் வண்டியில் இருப்பது அந்த இரண்டாவது வகை. ஆக, பழைய எஞ்சினுக்குப் பொருந்திய சமாதானத்தை, சீல் உள்ள எஞ்சினுக்கும் பழக்கத்தால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் வண்டியில் அந்தச் சீல் முந்தைய உரிமையாளர் காலத்தில் கிளட்ச்சோடு சேர்த்து மாற்றப்பட்டது என்று பழைய ரசீதும் இருந்தது. புது சீல் கெடக் கூடாது என்றில்லை. ஆனாலும் கேள்வி கேட்க அது போதுமான காரணம்.

எஞ்சினின் பின்பக்கத்தில் ஆயில் வர எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் அவசரம் புரியும். எஞ்சினின் உச்சியை மூடும் ராக்கர் கவரின் பின் ஓரம் ஒன்று. ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் குழாய் எஞ்சின் பிளாக்கின் வலப்புறம் பின்மூலையில்தான் புறப்படுகிறது. அதன் ஹோஸ் வியர்த்தாலும் ஆயில் பெல் ஹவுசிங்கின் மேல்தான் இறங்கும். இடப்புறம், புகை வெளியேறும் குழாய்களான மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சினின் பக்கவாட்டை மூடும் டாப்பெட் கவர்கள் இரண்டு. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பின் ஓரத்தில், மூட்டை அடைக்கும் கேஸ்கெட். பிறகு கியர் பாக்ஸின் முன் சீல். எல்லாமே கடைசியில் வந்து சேரும் இடம் அந்த ஒரே துளை, அல்லது அதற்கு அரை அங்குலம் அப்பால். ஓட்டு வீட்டில் ஓடு விரிசல் விட்டது ஒரு மூலையில் இருக்கும், நீர் உத்தரத்தில் வழிந்து போய் வேறொரு மூலையில் சொட்டும். சொட்டுக்கு நேர் மேலே ஏணி போடுகிறவர் நன்றாக இருக்கும் ஓடுகளைத்தான் மாற்றுவார். ஓடும் காரில் இது இன்னும் மோசம். கீழே பாயும் காற்று ஆயிலை எப்போதும் பின்னோக்கித் தள்ளுகிறது. அதனால் நனைந்திருக்கும் இடங்களிலேயே மிக மேலே, மிக முன்னே இருப்பது எது என்றுதான் தேட வேண்டும்.

எவ்வளவு ஒழுகுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழும் வண்டி 1000 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் ஆயிலை இழக்கும். தரையில் தெரியும் காசளவு கறை பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அளவில் மிகக் குறைவு. ஓடும்போது விழுவதுதான் எஞ்சினைக் காலி செய்வது, அது கண்ணில் படுவதே இல்லை. அட்டை மட்டும் போதாது, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நின்றபின் மட்டும் சொட்டினால் ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள கேஸ்கெட்டோ வடிகால் போல்ட்டின் வாஷரோ சந்தேகத்துக்குரியது. ஓடும்போது மட்டும் கசிந்து, நின்றதும் காய்ந்தால், அழுத்தத்தில் இருக்கும் குழாயையோ எஞ்சினுக்குள் கூடும் காற்றழுத்தத்தையோ தேட வேண்டும்.

மேனிஃபோல்டுக்கு அடியில் பச்சை வெளிச்சம்

கழுவுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. இதைச் சொன்னால் பலருக்குச் சலிப்பாக இருக்கும். பல ஆண்டுப் பிசுக்கின் மேல் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கார்புரேட்டர் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலித்தீனால் கட்டிவிட்டு, பிசுக்குநீக்கி அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, முழுக்கக் காயவிட்டேன். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம். இருபுறமும் ஸ்டாண்டு நிற்க வேண்டும், சக்கரத்துக்குத் தடை இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் எம்ஜிபிக்கே உரியது. இந்த கியர் பாக்ஸில் ஊற்றுவதும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான். ஆகவே முகர்ந்து பார்த்தோ விரலில் தேய்த்துப் பார்த்தோ எது எதுவென்று சொல்ல முடியாது. கியர் பாக்ஸ் ஆயில் உள்ளே தெளிவாக இருந்தாலும், கிளட்ச் தூசியில் கலந்து துளை வழியே வரும்போது அதுவும் கறுப்புதான். எஞ்சின் ஆயிலில் மட்டும் ஒளிரும் சாயம் கலப்பது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. புற ஊதா டார்ச் அடித்தால் சாயம் கலந்த ஆயில் பச்சை மஞ்சளாக ஒளிரும், கலக்காதது ஒளிராது. சாயத்தை ஊற்றி, நெடுஞ்சாலையில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஓட்டிவிட்டு வந்தேன். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விட்டால் போதாது. எஞ்சினுக்குப் பளு ஏறும்போதுதான் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வாயு கீழே இறங்கும், அழுத்தம் கூடும்.

இருட்டில், மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச்சோடு அடியில் படுத்தேன். ஸ்பிளிட் பின்னின் நுனி ஒளிர்ந்தது. அதாவது எஞ்சின் ஆயில். பின் சீல்தான் என்று இந்த இடத்தில் முடிவு கட்டிவிடலாம், பலரும் கட்டிவிடுவார்கள். நான் ஒளியைப் பின்தொடர்ந்தேன். பெல் ஹவுசிங்கின் வெளிப்புறத்தில், இடப்பக்கமாக, நூல் அளவு மெல்லிய ஒரு பச்சைக் கோடு மேலே ஏறியது. அது பிளாக்கின் பின் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து முன்னோக்கி, வார்ப்பில் இருக்கும் ஒரு சிறிய திட்டின் மேல் படுத்தபடி வந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியில் முகத்தைத் திருப்பி, சூடு கன்னத்தில் அடிக்க, டார்ச்சை மேலே சாய்த்தபோது பின் டாப்பெட் கவரின் கீழ் ஓரம் முழுக்க ஒளிர்ந்தது. கீழ்ப் பின் மூலையில் கொழுத்த ஒரு சொட்டு, விழாமல், தகரத்தின் மடிப்பில் ஊர்ந்து பிளாக்குக்குத் தாவுவதைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேலே, ராக்கர் கவரின் பின் ஓரத்தில் லேசாக ஈரம் மினுங்கியது, ஆனால் அங்கிருந்து கீழே இறங்கும் கோடு இல்லை. முன்னேயும் ஒளி இல்லை. பெல் ஹவுசிங்கின் மூட்டு இடுக்கில் நுழைந்த ஆயில்தான் உள்ளிருந்து வருவதுபோல் அந்தத் துளையில் வந்து தொங்கியிருக்கிறது. எஞ்சினை இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, பின் சீலை மாற்றி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியிருந்தாலும் அந்தச் சொட்டு அங்கேயேதான் நின்றிருக்கும். பாகம் சரியில்லை, வேலை சரியில்லை, கடைசியில் காரே அப்படித்தான் என்று பழி நகர்ந்துகொண்டே போயிருக்கும்.

டாப்பெட் கவர் என்பது மெல்லிய தகரம். நடுவில் ஒரே ஒரு போல்ட், சுற்றிலும் கார்க் கேஸ்கெட். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நின்று வாட்டுவதால் கார்க் வறண்டு பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். ஒழுகுகிறது என்று போல்ட்டை இறுக்க இறுக்க, தகரத்தின் நடு உள்ளே வளைந்து மூலைகள் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். இறுக்கினால் நிற்கும் என்ற நம்பிக்கை பழைய எஞ்சின்களுக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல. ராக்கர் கவர் நட்டுகளுக்கு இந்த எஞ்சினில் சொல்லப்பட்ட முறுக்கு வெறும் 4 பவுண்டு-அடி, மணிக்கட்டு அசைவுதான். என் பின் கவரும் யாரோ இறுக்கியதில் வளைந்திருந்தது. மேனிஃபோல்டைக் கழற்றி, கவரை எடுத்து, தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஓரங்களைத் தட்டி நேராக்கினேன். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி ஒட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் துண்டு பிய்ந்து ஆயில் வடிகட்டியை அடைத்தால், ஒரு கசிவை நிறுத்தப் போய் பேரிங்கையே இழக்க வேண்டிவரும். ஆயிலில் ஊற்றும் கசிவு நிறுத்தி மருந்துகளும் அப்படித்தான். இறுகிய ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச காலத்துக்கு ஏமாற்றுமே தவிர, வளைந்த தகரத்தை நிமிர்த்தாது.

எஞ்சினுக்கு மூச்சு முட்டினால்

கவரை நேராக்கி, புது கேஸ்கெட் போட்டு மூடிவிடலாம்தான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அந்தக் கவருக்குப் பின்னால் ஆயில் தேங்கி நிற்பதில்லை. தெறித்து விழுந்து சம்ப்புக்கு வடிகிறது. அதை ஒரு காய்ந்த கேஸ்கெட் வழியாக இவ்வளவு பிடிவாதமாக வெளியே தள்ளியது எது?

பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு எந்த எஞ்சினிலும் உண்டு, புது எஞ்சினிலும்கூட. அது வெளியேற வழி வேண்டும். என் வண்டியின் வகையில் ராக்கர் கவரின் ஆயில் மூடியில் இருக்கும் சிறு வடிகட்டி வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். முன் டாப்பெட் கவரில் உள்ள குப்பி வழியாக, ஹோஸ் மூலம், கார்புரேட்டர்கள் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். குப்பிக்குள் கம்பிவலைச் சுருள் ஒன்று இருக்கிறது. ஆயில் துளிகளை அது தடுத்து வாயுவை மட்டும் விடும். அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஞாபகமே பலருக்கு வருவதில்லை. முன் கவரையும் கழற்றி, குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று போகவே இல்லை. வலை முழுக்கக் கரி பிடித்துக் கட்டியாக இறுகியிருந்தது. மேலே ராக்கர் கவரில் பளபளவென்று யாரோ ஆசையாகப் போட்ட குரோம் மூடி. அதில் காற்றுத் துளையே கிடையாது. வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. அழுத்தம் எந்த கேஸ்கெட் பலவீனமோ அதைத் தேடிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

முன் கவரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, குலுக்கி, கரி கரைந்து வரும் நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசினேன். ஊதினால் தங்குதடையின்றி காற்று போகும் நிலைக்கு வந்தபின்தான் பொருத்தினேன். குரோம் மூடிக்குப் பதில் வடிகட்டி உள்ள சரியான மூடி வந்தது. அந்த மூடி கழுவிப் போடுவதற்கானதல்ல, காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டியது. எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, அந்த வாயில் மெல்லிய பாலித்தீன் தாளைப் பிடியுங்கள். லேசாக உள்ளே ஒட்டினால் நல்லது. படபடவென்று வெளியே உப்பினால், பிரீத்தரைப் பார்க்கும்வரை எந்த சீலையும் மாற்றாதீர்கள். பிரீத்தர் சுத்தமாக இருந்தும் உப்பினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. அதற்கும் சீல் மருந்தல்ல.

அப்புறம் அதே பாதையில் ஓட்டி, அதே டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன். டாப்பெட் கவர் காய்ந்திருந்தது, பிளாக்கின் திட்டும் காய்ந்திருந்தது. ராக்கர் கவரின் பின் ஓரத்தில் முன்பு மினுங்கிய ஈரமும் காணாமல் போயிருந்தது. அங்கே நான் ஸ்பேனரே வைக்கவில்லை. ஸ்பிளிட் பின்னில் மட்டும் ஒரு சொட்டு திரள்கிறது, முன்பைவிட மிக மெதுவாக. அது ஒளிரவில்லை. அதாவது கியர் பாக்ஸ் ஆயில், முன் சீல் வழியாக வருகிறது. முன்பு எஞ்சின் ஆயிலின் கும்மிருட்டில் இது தனியாகத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதற்காக இப்போதே எஞ்சினை இறக்கப் போவதில்லை. கியர் பாக்ஸ் ஆயில் மட்டத்தை அதன் டிப் ஸ்டிக்கில் பார்த்துக்கொண்டு வருகிறேன், இறக்கம் அற்பம். கிளட்ச் வழுக்கவும் இல்லை, கிளம்பும்போது உதறவும் இல்லை. அந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் காத்திருக்க மாட்டேன். கிளட்ச்சின் ஆயுள் முடிந்து எஞ்சின் வெளியே வரும் நாளில் கியர் பாக்ஸ் முன் சீல், கிராங்க் ஷாஃப்ட் பின் சீல், பிரஷர் மீட்டர் ஹோஸ், சம்ப் கேஸ்கெட் நான்கையும் ஒருசேர மாற்றுவதாகத் திட்டம். அதற்கு முன்னால் பின்பக்கத்து வலது ஷாக் அப்சார்பர் காத்திருக்கிறது. அதன் கை அச்சைச் சுற்றி ஈரம் தெரிகிறது. கழுவிக் காயவைத்திருக்கிறேன், பவுடர் தூவி ஓட்டிப் பார்க்க வேண்டும்.